பேச்சாயி எடுக்க மறுத்த முதல் குடம்

கல்வி மனிதரை மேலே உயர்த்தும் என்று அறிஞர் பெருமக்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெருமக்களில் ஒருவர்கூடக் கிணறு வெட்டுகிற வீட்டில் பிறக்கவில்லை போலும். மூக்கையாவின் மகள் பேச்சாயியைக் கல்வி கீழேதான் இறக்கியது. அதுவும் அவள் அப்பன் கிணற்றுக்குள் இறங்குவது போலவே, படிப்படியாக.

ஓர் ஊரில் அவள் நான்காம் வகுப்பில் இருந்தாள். கிணற்றில் தண்ணீர் வந்தது. குடும்பம் சட்டி முட்டியோடு கிளம்பியது. அடுத்த ஊர்த் தலைமையாசிரியர், "அங்க என்னத்தச் சொல்லிக் குடுத்தாய்ங்களோ" என்று மூன்றில் உட்கார வைத்தார். அதற்கடுத்த ஊருக்கு நடு வருஷத்தில் போய்ச் சேர்ந்ததால் இரண்டு. இதே வேகத்தில் இன்னும் இரண்டு கிணறு வெட்டியிருந்தால் பேச்சாயி மறுபடி தூளிக்கே போயிருப்பாள்.

திண்டுக்கல் சமவெளியில் அப்போது எல்லாரும் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். மூக்கையா குடும்பம் நிலத்துக்காரர் காட்டு ஓரத்தில் குடிசை போடும். ஆண்கள் பாறையில் துளை போட்டு வெடி வைப்பார்கள். பெண்கள் கல்லும் மண்ணும் சுமப்பார்கள். தண்ணீர் வந்தால் ஊரே குலவை போடும். பேச்சாயி ஒருத்தி மட்டும் மூலையில் போய் உட்கார்ந்து அழுவாள். தண்ணீர் என்றால் மற்றவர்களுக்கு விளைச்சல். அவளுக்குப் பள்ளிக்கூடம் முடிந்தது என்று அர்த்தம்.

இதனால் அவள் பெற்ற ஞானம் விசித்திரமானது. எந்தப் பள்ளியிலும் ஈரத்துணியில் அவரை விதையை முளைக்க வைத்துக் காட்டுவார்கள். எல்லா ஊரிலும் அதைப் பார்த்திருக்கிறாள். அவள் பார்த்த எந்த அவரையும் காய்த்ததில்லை. பாடத்தில் ராஜாக்கள் பட்டம் சூடுவார்கள். அவர்கள் சாவதற்குள் மூக்கையாவுக்குத் தண்ணீர் வந்துவிடும். பூமியில் ராஜாக்கள் சாவதே இல்லை என்று வெகு காலம் நம்பிக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு வயதில், பாவாடை கணுக்காலுக்கு மேல் ஏறிய பிறகு, மூக்கு ஒழுகும் பொடிசுகளோடு இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது பேச்சாயிக்கு ஒரு வைராக்கியம் பிறந்தது. ஒரே ஒரு வகுப்பு. ஒரே ஒரு பள்ளிக்கூடத்தில். திறக்கிற நாளிலிருந்து பரீட்சை வரைக்கும். அதற்குப் பிறகு உலகம் எப்படிப் போனாலும் சரி.

முதல் காரியமாக, 'இரண்டாம் வகுப்பு' என்று எழுதிக் கொடுத்த சர்ட்டிபிகேட்டை அந்த ஊர்க் கிணற்றில் போட்டாள். புதுத் தண்ணீர், நன்றாகவே மூழ்கியது.

*

அடுத்த ஊர் நரிப்பாறைப்பட்டி. பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தில் போய்ச் சேர்ந்தார்கள். பேச்சாயி தலையில் எண்ணெய் தடவிக்கொண்டு தலைமையாசிரியர் பவுல்ராஜ் முன்னால் போய் நின்றாள்.

"எந்த வகுப்பு?"

"அஞ்சு சார்."

"சர்ட்டிபிகேட்டு?"

"கிணத்துல விழுந்துருச்சு சார்."

"எப்படி விழுந்துச்சு?"

"நேராத்தான் விழுந்துச்சு சார்."

பவுல்ராஜ் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை நீட்டினார். திக்காமல் வாசித்தாள். ஒரு பின்னக் கணக்கைப் போட்டார். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பின்னம் தெரியாதா?"

"அந்தப் பாடம் வர்றதுக்குள்ள எங்கப்பாவுக்குத் தண்ணி வந்துரும் சார்."

பவுல்ராஜ் வாழ்க்கையில் புரட்சி எதுவும் செய்தவர் அல்லர். நாற்காலியின் கால் ஒடிந்திருக்கிறது என்று இன்ஸ்பெக்டரிடம் ஒரு தடவை சொன்னதுதான் அவர் காட்டிய ஆகப் பெரிய துணிச்சல். ஆனாலும் அன்று சிரித்துவிட்டார். சிரித்த பிறகு கீழ் வகுப்பில் போட மனம் வரவில்லை. ஐந்திலேயே பெயரை எழுதினார். பென்சிலில்.

"மத்தவுக பேரெல்லாம் மையில இருக்கே சார்?"

"உங்காளுக நிக்கிற ஆளுகளா தாயி? மையில எழுதிட்டு அடிச்சா இன்ஸ்பெக்டர் ஏன் எதுக்குன்னு கேப்பாரு. பென்சில்னா ரப்பரைப் போட்டா முடிஞ்சு போச்சு."

எல்லா ஊரிலும் அப்படித்தான். அரசாங்கத்தின் பார்வையில் பேச்சாயி அதுவரைக்கும் அழிக்கத்தக்க பெண்ணாகவே இருந்து வந்தாள்.

நிலத்துக்காரர் உடையப்பன் அந்த ஊரின் பெரிய தலை. பள்ளிச் சீரமைப்புக் குழுவுக்கும் அவரே தலைவர். திண்டுக்கல்லில் நடந்த மாநாட்டில், "ஒரு பிள்ளைகூடப் படிக்காமல் இருக்கலாகாது" என்று மைக்கில் முழங்கி மாலை வாங்கி வந்திருந்தார். அவர் சொன்ன கணக்கில் அவருடைய தோட்டத்தில் கல் சுமக்கிற பிள்ளைகள் வரமாட்டார்கள். அது தனிக் கணக்கு.

வகுப்பு மூலையில் ஒரு தண்ணீர்ப் பானை இருந்தது. எல்லாரும் தாமே மோந்து குடிக்கலாம். 'எல்லாரும்' என்பதிலும் பேச்சாயி அடக்கம் இல்லை. அவள் வெளியே நின்று இரண்டு கைகளையும் குவிக்க வேண்டும். உடையப்பனின் மகன் சிரட்டையில் மோந்து உயரத்திலிருந்து ஊற்றுவான். பாதி வாய்க்கு, பாதி முழங்கைக்கு. இதெல்லாம் கூடாது என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்தது உண்மைதான். சட்டம் மெட்ராஸிலிருந்து திண்டுக்கல் வரைக்கும் ரயிலில் வந்துவிட்டது. அங்கிருந்து நரிப்பாறைப்பட்டிக்குப் பஸ் கிடையாது.

ஆனால் ஊருக்குக் கீழே பாறை இருந்தது. பேர் வைத்தவன் பொய் சொல்லவில்லை. வெடி வைக்க வைக்கப் பாறைக்கு அடியில் பாறை. உடையப்பன் தண்ணீர் வேண்டிக் கருப்பசாமிக்குக் கிடா நேர்ந்துகொண்டார். பேச்சாயி பாறை வேண்டி அரசமரத்துப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டாள். இரண்டு தெய்வங்களுக்கும் நடுவே வழக்கு நடந்தது. கிடாயோடு ஒப்பிட்டால் தேங்காய் அற்பம். ஆனாலும் பிள்ளையார் தை மாதம் வரைக்கும் அசைந்து கொடுக்கவில்லை.

அதற்குள் ஈரத்துணியில் முளைத்த அவரை பள்ளிக்கூட வேலியில் ஏறிப் பூத்து, காய்த்தே விட்டது. பேச்சாயி வேலிப் பக்கம் போய் ஒரு காயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ராஜாக்களும் ஒவ்வொருவராகச் சாகத் தொடங்கியிருந்தார்கள்.

*

தையில் ஒரு நாள் பவுல்ராஜ் கரும்பலகையில் பின்னம் போட்டுக்கொண்டிருந்தார். தோட்டத்துப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது. வழக்கமானதுதான். ஆனால் செத்த நேரம் கழித்துக் குலவைச் சத்தம் கேட்டது.

பவுல்ராஜ் சாக்குக்கட்டியைக் கீழே வைத்தார். பேச்சாயியைப் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ரப்பரைத் தேடினார்.

"தண்ணி வந்துருச்சு போல, பேச்சாயி."

"வரட்டும் சார்."

"கெளம்பு தாயி. உங்கம்மா தேடுவா."

"பின்னம் முடியலையே சார்."

முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் போனாள்.

கிணற்று மேட்டில் ஊரே கூடியிருந்தது. மஞ்சள் பூசி வேப்பிலை கட்டிய பித்தளைக் குடம் தயாராக இருந்தது. மூக்கையா வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. கிணறு தோண்டத் தொடங்குகிற நாளில் வெட்டுகிறவர் வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி மண்ணில் மஞ்சள் வைப்பாள். தண்ணீர் வந்ததும் அதே கை முதல் குடம் எடுக்க வேண்டும். கூடியிருப்பவர்கள் அனைவரும் அந்தக் குடத்துத் தண்ணீரை அவள் கையால் வாங்கி ஒரு வாய் குடிக்க வேண்டும்; கிணற்று மேட்டில் அந்த ஒரு வாய்க்கு மட்டும் யாரும் தீட்டு பார்ப்பதில்லை. அதுவரை நிலத்துக்காரர் அதிலிருந்து ஒரு சொட்டும் பயிருக்குப் பாய்ச்சக் கூடாது. வெட்டினவர்களும் ஊரைவிட்டுக் கிளம்பக் கூடாது. மீறினால் ஊற்றுக்கண் மூடிக்கொள்ளும். இந்தக் கிணற்றுக்கு மஞ்சள் வைத்தவள் பேச்சாயி.

"வா தாயி, கொடத்தை எடு" என்றாள் அவள் அம்மா பொன்னழகு.

"எடுக்க மாட்டேன்."

"என்னடி சொல்ற?" மூக்கையாவுக்குக் காது கேட்கவில்லையோ என்று சந்தேகம், நாள் பூராவும் வெடிச் சத்தம்.

"பரீட்சை எழுதிட்டு எடுக்கேன்."

"பரீட்சை எப்போ?" என்று கேட்டாள் உடையப்பனின் மனைவி அய்யம்மாள்.

"சித்திரைல."

உடையப்பன் பெரிதாகச் சிரித்தார். "ஏலே மூக்கா, ஒம் மக கலெக்டர் உத்தியோகத்துக்குப் போறாளாடா? ஏ புள்ள, எடு. சேலை இருக்கு, சட்டை இருக்கு, கிடா அடிச்சுக் கறிச்சோறு இருக்கு."

"கறி தின்னுட்டு நாளைக்கு எங்கய்யா போறது?"

"கீரனூர்ப் பக்கம் ஒரு கிணறு உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்குல்ல?"

"அங்க என்னைய மறுபடியும் ரெண்டாங் கிளாசுல போடுவாக."

"போட்டா என்ன? அதுவும் படிப்புத்தான?"

"அப்ப நீங்களும் மோட்டாரு வாங்காம மாட்டக் கட்டிக் கமலை எறைங்க. அதுவும் தண்ணிதான?"

பெண்கள் பக்கம் யாரோ சிரிப்பை முந்தானைக்குள் அமுக்கினார்கள். உடையப்பனின் முகம் கறுத்தது. பம்பு செட்டு மோட்டார் வந்து இறங்கிவிட்டது. பொத்தானை அமுக்கித் தொடங்கி வைக்கத் திண்டுக்கல்லிலிருந்து வட்டார வளர்ச்சி அதிகாரியை அழைத்தாகிவிட்டது.

மூக்கையா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். பேச்சாயி நகரவில்லை.

"அடிங்கப்பா. கை ஒடிஞ்சா கொடம் எடுக்க முடியாது."

ஓங்கிய கை அப்படியே நின்றது. பாறையில் எங்கே வெடி வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று தெரிந்த கை அது.

"வேற ஒரு பிள்ளைய எடுக்கச் சொல்லித் தொலைங்கடா!" என்றார் உடையப்பன்.

"கை மாறக் கூடாதுங்கய்யா" என்றாள் பொன்னழகு. மகள் மேல் அவளுக்கும் கோபம்தான். ஆனால் கோபம் வேறு, ஊற்றுக்கண் வேறு.

அய்யம்மாள் புருஷன் பக்கம் திரும்பினாள். "எங்கண்ணன் தோட்டத்துல இப்படித்தான் அவசரப்பட்டுக் கை மாத்துனாக. இன்னைக்கு அந்தக் கிணத்துல ஓணான் குடித்தனம் பண்ணுது. நம்ம கிணத்துலயும் ஓணான் விடணுமா?"

உடையப்பன் மூடநம்பிக்கைகளைக் கடுமையாகக் கண்டிப்பவர். ஆனால் மேடையில் கண்டிப்பார். மேடையில் அய்யம்மாள் இருக்கமாட்டாள். அன்று கிடா பிழைத்தது.

*

மறுநாள் காலை பவுல்ராஜுக்கு உடையப்பனிடமிருந்து ஆள் வந்தது. அவர் வகுப்புக்கு வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் பேசினார்.

"பேச்சாயி, பெரியவர் சொல்லிவிட்டிருக்காரு. செத்த நேரம் போயி அந்தக் கொடத்தை எடுத்துக் குடுத்துட்டு வந்துரு."

"பள்ளிக்கூட நேரத்துல வெளிய போகக் கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

"சரி, சாயங்காலம் போயேன்."

"சாயங்காலம் கொடம் எடுத்தா காலைல நான் இங்க இருக்க மாட்டேன் சார். எம்பேரு பென்சில்லதான இருக்கு?"

பவுல்ராஜ் உட்கார்ந்தார். வெகு நேரம் ஜன்னல் வழியாக அவரைக்கொடியைப் பார்த்தார். ஊர் ஊராகப் போகிறவர்களின் பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்த வகுப்புக்கு வந்து, இருந்து, ரப்பரில் போனார்கள். எந்தப் பிள்ளையும் போகமாட்டேன் என்று இதுவரைக்கும் அவரிடம் சொன்னதில்லை. போய்விடும் என்று நினைத்து அவரும் யாரையும் இரு என்று சொன்னதில்லை.

வருகைப் பதிவைத் திறந்தார். பேனா மூடியைக் கழற்றினார். பென்சில் எழுத்தின் மேலேயே மையால் எழுதினார். எழுதின பிறகு மையை ஊதிக் காயவைத்தார். ஒடிந்த நாற்காலிக்குப் பிறகு அவர் காட்டிய துணிச்சல் இதுதான்.

"இந்தா. இனிமே நீயே போகணும்னாலும் லேசுல போக முடியாது."

சாயங்காலம் உடையப்பனிடம் போய்ப் பணிவாகச் சொன்னார்: "அவ பேரு மையில ஏறிருச்சுங்கய்யா. இப்ப அடிச்சா இன்ஸ்பெக்டர் காரணம் கேப்பாரு. காரணம்னு ஒங்க மோட்டாரத்தான் எழுதணும். சீரமைப்புக் குழுத் தலைவரோட மோட்டாரு..." மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். நிறுத்துவது அவருக்குப் பழக்கமான காரியம். அன்றைக்குத்தான் அது பயன்பட்டது.

இவ்வாறு நரிப்பாறைப்பட்டியின் விவசாய முன்னேற்றம் ஐந்தாம் வகுப்புப் பரீட்சைக்காகக் காத்திருந்தது. வளர்ச்சி அதிகாரிக்கு, 'நல்ல நாள் பார்க்கிறோம்' என்று சொல்லி அனுப்பினார்கள். மாசியில் நல்ல நாள் இல்லை. பங்குனியிலும் இல்லை. அந்த வருஷம் பஞ்சாங்கமே பேச்சாயி பக்கம் சாய்ந்துவிட்டது. மோட்டார் சாக்குப் போர்த்திக்கொண்டு கொட்டகையில் உட்கார்ந்திருந்தது. அதன் மேல் ஒரு கோழி அடை காத்தது.

மூக்கையாவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஊரைவிட்டுப் போகவும் முடியாது. சேற்றுத் தண்ணீர் தண்ணீர்க் கணக்கில் சேராது என்று ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டு, அதை இறைத்து வெளியே கொட்டிவிட்டு இன்னும் கீழே வெட்டினார். மகளோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். ஒரு நாள் கம்பஞ்சோறு தின்கையில் பாதியில் நிறுத்தினார்.

"அதென்னடி பின்னம்?"

"ஒரு முழுசுல ஒரு துண்டுப்பா."

"அதுக்கா இம்புட்டு அழிச்சாட்டியம்?"

"எல்லா ஊர்லயும் எனக்குத் துண்டுதான்பா கெடைக்குது. ஒரு தடவ முழுசா தின்னு பாக்கேன்."

மூக்கையா மீதிச் சோற்றைத் தின்று முடித்தார். ஆனால் அடுத்த வாரம் பொன்னழகு, "கல்லு சொமக்க ஆள் பத்தல, அவளையும் வரச் சொல்லு" என்றபோது, "அவ வாசிக்கட்டும், நான் ரெண்டு நடை கூடச் சொமக்கேன்" என்றார். பொன்னழகு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அன்று குழம்பில் உப்பு கூடிப்போயிற்று.

பங்குனிக் கடைசியில் பாறை பிளந்து இன்னொரு ஊற்றும் வந்தது, முதல் ஊற்றைவிடப் பெரிது. ஆழப்படுத்தச் சொன்னதே தாம்தான் என்று உடையப்பன் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

*

பேச்சாயி பரீட்சை எழுதினாள். தேறினாள். முதல் மார்க் வாங்கவில்லை. அப்படி வாங்கினதாக எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் கணக்கில் அவள் நடுவாந்தரம். பின்னத்தில் மட்டும் ஒரு தப்பும் இல்லை.

குடம் எடுக்கிற நாளைக்கு வளர்ச்சி அதிகாரி ஜீப்பில் வந்தார். பந்தல், மைக்கு செட்டு, மாலை எல்லாம் இருந்தன. கிடாயும் வந்திருந்தது, இந்தத் தடவை தப்ப வழியில்லாமல். பேச்சாயி படிகளில் இறங்கி, குடத்தை முக்கி எடுத்து, இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே வந்தாள். குலவை எழுந்தது. எல்லாரும் கை நீட்டக் காத்திருந்தார்கள்.

அவள் நிற்கவில்லை. மோட்டார்க் கொட்டகையைத் தாண்டினாள், பந்தலைத் தாண்டினாள், நடந்துகொண்டே இருந்தாள்.

"ஏ புள்ள, எங்க போற?" என்று கத்தினார் உடையப்பன்.

"வாங்கய்யா."

அய்யம்மாள் முதலில் நடந்தாள். அவள் நடந்ததால் பெண்கள் நடந்தார்கள். பெண்கள் நடந்ததால் ஊர் நடந்தது. ஊர் நடந்ததால் அதிகாரியும் நடந்தார். இது நிகழ்ச்சி நிரலில் உள்ளது போலும் என்று அவர் நினைத்தார்.

பேச்சாயி பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தாள். மூலையிலிருந்த பானையின் மூடியை எடுத்தாள். முதல் குடத்துத் தண்ணீர் முழுவதையும் அதில் ஊற்றினாள். பிறகு பானை மேலிருந்த சிரட்டையைத் தன் கையால் எடுத்து, மோந்துகொண்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

"வாங்கய்யா. மொத வாயி நீங்கதான்."

உடையப்பன் பானையைப் பார்த்தார். சிரட்டையைப் பார்த்தார். "இது... பள்ளிக்கூடத்துப் பானையில்ல?"

"ஆமாங்கய்யா. தொட்டுட்டேன்."

குடித்தால் அவள் தொட்ட பானை எல்லாருக்கும் ஆகும் என்றாகிவிடும், ஊர் வழக்கம் போச்சு. குடிக்காவிட்டால் கிணறு போச்சு. மாநாட்டில் மாலை வாங்கிய கழுத்தில் வேர்வை இறங்கியது. பின்னால் அதிகாரி வேறு சிரித்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"குடிங்க" என்றாள் அய்யம்மாள் மெதுவாக. "ஓணானை நெனச்சுக்கிட்டே குடிங்க."

உடையப்பன் குனிந்து இரண்டு கைகளையும் குவித்தார். பேச்சாயி சிரட்டையை நன்றாக உயர்த்திப் பிடித்து ஊற்றினாள். பாதி வாய்க்குப் போனது. பாதி முழங்கை வழியாக ஓடிப் பட்டு அங்கவஸ்திரத்தை நனைத்தது.

"கையச் சேத்து வைங்கய்யா, ஒழுகுது" என்றாள் அவள், ரொம்பப் பொறுப்பாக.

அவருக்குப் பிறகு மகன். அவனுக்கு இன்னும் கொஞ்சம் உயரத்திலிருந்து. அதன் பிறகு ஊர். பவுல்ராஜ் தம் முறை வந்தபோது கை குவிக்கவில்லை. சிரட்டையை அவளிடம் வாங்கிக்கொண்டு உள்ளே போய், பானையில் தாமே மோந்து குடித்துவிட்டு, சிரட்டையைப் பேச்சாயியிடமே திருப்பிக் கொடுத்தார். அவளும் உள்ளே போய் மோந்து குடித்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. முதல் குடத்துத் தண்ணீரைப் பற்றிக் குறை சொன்னால் ஊற்றுக்கண்ணுக்கு ஆகாது.

சாயங்காலம் மைக்கில் உடையப்பன் பேசினார். ஒரு ஏழைப் பெண்ணின் படிப்புக்காகத் தம் மோட்டாரையே நிறுத்தி வைத்த கதையைச் சொன்னபோது அவருக்கே கண் கலங்கியது. வளர்ச்சி அதிகாரி அவரைக் கல்வி வள்ளல் என்று அழைத்தார். கறிச்சோற்றில் கை வைத்திருந்த பேச்சாயி தலை நிமிரவில்லை. எலும்பு ஒன்று முக்கியமாக இருந்தது.

*

கீரனூர்ப் பக்கத்து ஊரில் அடுத்த கிணற்றுக்கு மஞ்சள் வைக்கிற அன்று, சித்தப்பா மகளை வைக்கச் சொன்னார்கள். முறைப்படி இந்தத் தடவை அவள் முறை. பேச்சாயி சண்டை போட்டு, கெஞ்சி, தன் புதுச் சட்டையையே அவளுக்குக் கொடுத்து அந்த மஞ்சளை வாங்கித் தானே வைத்தாள். மூக்கையா இதைப் பார்த்துவிட்டு, கடப்பாரையைக் கீழே ஊன்றி, பெருமூச்சு விட்டார். இந்தக் கிணறும் சீக்கிரம் முடியாது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. நிலத்துக்காரரிடம் அதைச் சொல்லவில்லை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. அந்த ஊர்த் தலைமையாசிரியர் அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"ஏனம்மிணி, கெணறு வெட்ட வந்தவிங்க பிள்ளையா? எத்தனாவதுங்க?"

"ஆறு சார்." சர்ட்டிபிகேட்டை நீட்டினாள். இந்தத் தடவை அது நனையவில்லை.

அவர் அதை வாசித்தார், திருப்பிப் பார்த்தார், மறுபடியும் வாசித்தார். பிறகு வருகைப் பதிவைத் திறந்து, மேசை மேல் கையால் துழாவினார். காகிதங்களை நகர்த்திப் பார்த்தார். குனிந்து மேசைக்கு அடியிலும் பார்த்தார்.

"இங்கதானே பென்சில் இருந்துச்சு?"

பேச்சாயி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மிகவும் மரியாதையாக நின்றாள்.

"பேனா இருக்குங்களே சார்" என்றாள்.